இக்காருஸ்: உறுதியான சந்தையின் பலமும் பலவீனமும்

1895 இல் இம்ரே உஹ்ரி என்பார் புடாபெஸ்ற் நகரில் தொடங்கிய கொல்லுப் பட்டறையே இக்காருஸ் பேருந்துத் தொழிலகத்தின் மூலமாகும். அரசுடைமையான இத்தொழிலகம் 1949 இல் இக்காருஸ் என்ற பெயரைப் பெற்றது. சோசலிச நாடுகளின் பொருளாதார அமைப்பான கொமெகொன், உறுப்பு நாடுகளிடையே உற்பத்தியைப் பகிர்ந்தபோது, பெரிய பேருந்துகளை அமைக்கும் பொறுப்பு ஹங்கேரிக்குக் கிடைத்தது. இதனாற் சோவியத்து ஒன்றியம், கிழக்கு ஜெர்மனி முதலிய நாடுகளில் அதன் வண்டிகள் பெருந்தொகையாக ஓடின. இரு பகுதிகளை இணைத்தமைத்த 280 ஆம் இலக்க வகையில் மட்டும் 60,000 இற்கு மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின.

ஆயின், இவ்வுறுதியான சந்தையே பின்னர் பலவீனமாயிற்று. 1991 இல் கொமெகொன் கலைந்தது. சோவியத்து ஒன்றியமும் மறைந்தது. பழைய வாடிக்கை நாடுகளிடம் அந்நியச் செலாவணி போதியதாக இருக்கவில்லை. கட்டளைகள் அருகவே, தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். தொழிற்றிறனிலும் பார்க்க, ஒரே கொள்வனவாளரிற் பெரிதுந் தங்கியிருந்தமையே இவ்வீழ்ச்சிக்கு முதற்காரணம் எனலாம்.