ஸ்விங் ஆக்ஸிலும் முழு ஆக்ஸிலும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டை முன்வைத்து ஸ்போர்ட்ஸ் கார் சஸ்பென்ஷன்கள் பற்றிய ஓர் ஒப்பாய்வு

1. சிக்கல்

ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷனை ஒப்பிடுவோர் பலர் ஒரு படிவரிசையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்கள். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் முழு ஆக்ஸில் அடிப்படியில் நிற்கும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அதற்கு மேல். டபுள் விஷ்போனும் மல்டிலிங்கும் உச்சியில். சக்கரங்கள் தனித்தனியே இயங்கினால் உயர்வு, சேர்ந்து இயங்கினால் தாழ்வு என்பதே இவ்வரிசையின் அளவுகோல்.

இந்த அளவுகோலின்படி, 1972இல் சென்னையில் நடந்த ஒரு மாற்றம் பின்னடைவாகவே தெரியும். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தன் வண்டலூர் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்தது. பிரிட்டனில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அம்பாசடரும் ஃபியட்டும் பின்னால் முழு ஆக்ஸிலோடு ஓடிய காலத்தில், நான்கு சக்கரங்களும் தனித்தனியே இயங்கிய கார் என்பது ஹெரால்டின் சிறப்பு. அதற்குப் பதிலாக 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கஸெல், ஹெரால்டின் 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு அந்தச் சிறப்பைக் கைவிட்டது. பின்னால் முழு ஆக்ஸில் வந்தது.

அந்த முடிவு இயந்திரவியல் நோக்கில் சரியானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சஸ்பென்ஷனின் தரத்தை அதன் வகைப்பெயர் தீர்மானிப்பதில்லை. கார் சுமக்கும் பாரம், ஓடும் சாலை, பழுதானால் கைகொடுக்கும் பட்டறை ஆகிய மூன்றோடும் அது எவ்வளவு பொருந்துகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்தே ஸ்பிட்ஃபயர், ஜிடி6 என்ற இரு ஸ்போர்ட்ஸ் கார்கள் பிறந்தன. ஆகவே ஒரே அமைப்பு வெவ்வேறு நிலைமைகளில் எப்படி நடந்துகொண்டது என்று ஒப்பிட இது அரிய வாய்ப்பு.

2. ஹெரால்டின் பின்பக்கம்

ஹெரால்டின் முன்பக்கத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மேலும் கீழுமாக இரு விஷ்போன்கள், நடுவே காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். சக்கரங்கள் மிக அகலமாகத் திரும்பியதால், சுமார் 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் கார் முழுதாகத் திரும்பிவிடும். சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடைக்காமல் கியர் ஆயில் விட வேண்டும் என்பது மட்டும் கவனத்தில் இருக்க வேண்டும்.

சிக்கல் பின்பக்கத்தில். டிஃப்ரன்ஷியல் பெட்டி அடிச்சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும். அதன் தலைமேல் குறுக்குவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங். பட்டைகளின் இரு முனைகளும் இரு சக்கரங்களையும் தாங்கும். பெட்டியின் இருபுறமும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், அதிலிருந்து சக்கரம்வரை ஓர் அரைத்தண்டு. சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்க ஒரு கம்பி. மேலும் கீழும் ஏறி இறங்கும் சக்கரத்தின் கோணத்தை முடிவுசெய்வது அந்த அரைத்தண்டு மட்டுமே. இதுவே ஸ்விங் ஆக்ஸில்.

இதன் இயல்பை ஒரு ஜாக்கி கண்முன் காட்டிவிடும். ஹெரால்டின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினால் இரு சக்கரங்களும் கீழே தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கும். ஜாக்கியை இறக்கிய பிறகும் கார் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டிருப்பதால் சக்கரங்கள் மடங்கியபடியே நிற்கும், கார் பின்பக்கம் உயர்ந்தே இருக்கும். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டினால்தான் டயர் விலகிக் கொடுத்து உடல் கீழே அமரும். நின்ற இடத்தில் டயரின் உராய்வே காரைத் தூக்கி வைத்திருக்கிறது. வேகமான வளைவில் இதே உராய்வு என்ன செய்யும் என்பதே அடுத்த கேள்வி.

3. மூன்று கணக்குகள்

விளக்கத்துக்காக, ஹெரால்டை ஒத்த ஒரு காரில் ஜாயின்ட்டிலிருந்து சக்கரம்வரை 500 மி.மீ., ஜாயின்ட்டின் உயரம் 280 மி.மீ., இரு சக்கரங்களுக்கு இடையே 1,220 மி.மீ. எனக் கொள்வோம்.

முதலாவது, கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. ஒரு சக்கரம் 50 மி.மீ. மேலேறினால் ஸ்விங் ஆக்ஸிலில் அதன் சாய்வு சுமார் 5.7 பாகை மாறும். முழு ஆக்ஸிலில் ஒரு சக்கரம் மட்டும் அதே அளவு ஏறினால் இரு சக்கரங்களும் சுமார் 2.3 பாகை சாயும். இரண்டும் சேர்ந்து ஏறினால் சாய்வே இல்லை. சரிசமமான, இணையான டபுள் விஷ்போனில் சக்கரம் ஏறும்போது சாய்வு மாறாது. ஆனால் வளைவில் உடல் 3 பாகை உருண்டால் சக்கரமும் உடலோடு 3 பாகை சாயும். மேல் விஷ்போனைக் குட்டையாக்குவது இந்த இரண்டுக்கும் இடையே செய்துகொள்ளும் சமரசம். விலை கொடுக்காத அமைப்பு எதுவும் இல்லை. எங்கே கொடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இரண்டாவது, தூக்கு விசை. டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து ஜாயின்ட்டுக்குப் போகும் கோட்டின் சரிவு 280/500, அதாவது 0.56. வளைவில் வெளிச் சக்கரம் 2,000 நியூட்டன் பக்கவிசையும் உட்சக்கரம் 800 நியூட்டனும் தாங்கினால், அவற்றின் வேறுபாடான 1,200ஐ 0.56ஆல் பெருக்கிக் கிடைக்கும் 670 நியூட்டன் அளவுக்குப் பின்பக்கம் மேல்நோக்கித் தள்ளப்படும். உடல் உயர உயரச் சரிவு கூடும். சரிவு கூடக் கூடத் தூக்கலும் கூடும். வளைவின் நடுவே ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் உயரும். வெளிச் சக்கரம் உள்ளே மடங்கிப் பிடியை இழக்கும். ஜாக்கியின் மேல் பார்த்த அதே மடக்கம் இங்கே ஓடும் வேகத்தில் நேர்கிறது.

வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றி உருள்கிறதோ அந்த உருள்மையம் முழு ஆக்ஸிலிலும் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இரு சக்கரங்களும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதால், பக்கவிசைகளின் வேறுபாடு காரைத் தூக்குவதில்லை. உருள்மையத்தின் உயரத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாகக் கருதுவது தவறு.

மூன்றாவது, பாரம். ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் ஏறக்குறைய 375 கிலோ, அதாவது காரின் எடையில் பாதியை நெருங்கும் பாரம் கூடுகிறது. அதில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல். சுமார் 700 கிலோ ஸ்பிட்ஃபயரில் இரண்டே இருக்கைகள் என்பதால் கூடுதல் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரே ஸ்விங் ஆக்ஸில் ஸ்பிட்ஃபயரில் எப்போதும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் வேலை செய்கிறது. ஹெரால்டிலோ ஓட்டுநர் தனியே போகும்போது சக்கரம் நிமிர்ந்தும், குடும்பத்தோடு போகும்போது தலைப்பக்கம் உள்ளே சாய்ந்தும் நிற்கிறது. நிமிர்ந்த நிலையில் மடங்கும் ஆபத்து அதிகம். சாய்ந்த நிலையில் டயரின் உட்புறம் தேய்ந்துபோகும். இந்தியக் குடும்பக் கார் இந்த இரு எல்லைகளுக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் வண்டி.

4. ஒரு நோய், இரு மருந்து

இந்தக் குறையை ஹெரால்டின் பிறந்த வீடான, டிரையம்ப் நிறுவனத்தின் கோவென்ட்ரியும் கண்டுகொண்டது. 1966இல் வந்த ஜிடி6இல் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அது தந்த வேகத்தில் ஸ்விங் ஆக்ஸிலின் நடத்தை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 1968இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், சக்கரத்தின் அடியைப் பிடிக்கக் கீழ் விஷ்போனும், அரைத்தண்டு நீண்டு சுருங்க இடங்கொடுக்கும் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் இணைப்பும் சேர்ந்தன. சக்கரத்தின் கோணம் அரைத்தண்டின் பிடியிலிருந்து விடுபட்டது.

1970இன் ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் எளிய வழி கையாளப்பட்டது. குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகள் நடுவே ஊசலாட விடப்பட்டன. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் ஸ்பிரிங் முழு வலிமையோடு எதிர்க்கும். உடல் உருளும்போது பட்டைகள் சாய்ந்து கொடுத்துவிடும். உருளலைத் தடுக்கும் வேலையை முன்பக்கத்துத் தடித்த ஆன்டி-ரோல் பார் ஏற்றது. வெளிப்புறப் பின்சக்கரத்தின் மேல் விழும் கூடுதல் பாரம் குறைந்தது.

இவ்விரு மருந்துகளும் இங்கே இரண்டு இருக்கைக் கார்களில் கையாளப்பட்டவை. ஊசல் ஸ்பிரிங் உருளலைச் சீராக்கும். ஐந்து பேர் ஏறும்போது நேரும் சாய்வை அது தீர்க்காது. ரோட்டோஃப்ளெக்ஸ் சாய்வைத் தீர்க்கும். ஆனால் தேய்ந்து கிழியும் ஒரு சிறப்பு உதிரிபாகத்தை அது சேர்க்கிறது. ஸ்விங் ஆக்ஸில் ஹெரால்டிலேயே பின்சக்கர ஹப்பைக் கழற்ற வலுவான புல்லர் தேவைப்பட்டது. இந்த அமைப்பை உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. லாரிக்கும் அம்பாசடருக்கும் நீளவாட்டப் பட்டை கட்டிப் பழகிய பட்டறை எந்த ஊரிலும் இருந்தது. பாரம் கூடினாலும் கேம்பர் மாறாத, அந்தப் பட்டறைக்குத் தெரிந்த அமைப்பு முழு ஆக்ஸில். கஸெல் அதைத் தேர்ந்தது.

செலவைக் குறைக்கவே இந்த மாற்றம் என்று ஒருவர் சொல்லலாம். செலவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மலிவானது என்பதால் மட்டும் ஒரு தீர்வு தவறாகிவிடாது. அதே கேம்பர் கணக்குக்குக் கோவென்ட்ரி ஒரு விடையும் வண்டலூர் இன்னொரு விடையும் கண்டன; இரண்டும் தத்தம் சூழலில் சரியானவை.

5. பிற கார்களின் சாட்சியம்

ஸ்போர்ட்ஸ் கார் வரலாறும் படிவரிசைக்கு ஒத்துழைப்பதில்லை. 1963இன் செவ்ரோலே கார்வெட், ஹெரால்டைப் போலவே பின்னால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் கொண்டது. ஆனால் அங்கே அரைத்தண்டு மேல் இணைப்பாகவும், தனியான ஒரு கம்பி கீழ் இணைப்பாகவும் இருந்து சக்கரத்தை இருபுறமும் பிடித்தன. குறுக்குப் பட்டை, பின்னர் நாரிழைக் கலவைப் பொருளுக்கு மாறி, ஏழாம் தலைமுறை கார்வெட் 2019இல் முடியும்வரை நீடித்தது. பழமையானது எனப்படும் பட்டை குற்றவாளி அல்ல; சக்கரத்தை ஒரே தண்டின் வசம் விட்ட வடிவியலே குற்றவாளி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1962இன் லோட்டஸ் ஈலான் இன்னொரு பாடம். முன்னால் விஷ்போன், பின்னால் சாப்மன் ஸ்ட்ரட். அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை, சக்கரப் பயணம் நீளமானது. சக்கரத்தின் கோணம் கட்டுப்பாட்டில் இருந்தால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டியதில்லை என்பதை அது மெய்ப்பித்தது. போர்ஷே 911 தொடக்கத்தில் பின்னால் செமி-டிரெய்லிங் ஆர்ம் வைத்திருந்து, 1993இல் வந்த 993இல் மல்டிலிங்குக்கு மாறியது. மாஸ்டா எம்எக்ஸ்-5 1989இல் நான்கு பக்கமும் டபுள் விஷ்போனோடு வந்தது. டொயோட்டா ஜிஆர்86 முன்னால் ஸ்ட்ரட்டோடுதான் இன்றும் புகழ்பெறுகிறது. ஃபோர்டு மஸ்டாங் 2014 மாடல்வரை பொதுவாக முழு ஆக்ஸிலையே நம்பியிருந்தது.

இவற்றுக்கும் அப்பால் கார்ட் பந்தய வண்டி இருக்கிறது. அதில் ஸ்பிரிங்கே இல்லை. பின்சக்கரங்கள் ஒரே தண்டில். மழமழப்பான தளம், இலேசான எடை, வளைந்து கொடுக்கும் சட்டம் ஆகியவை இருப்பதால் அதற்குச் சஸ்பென்ஷன் தேவைப்படவில்லை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் சிதம்பரத்து வீதிகளில் இழுக்கப்படும் தேர்களுக்கும் தேவைப்படவில்லை. அங்கே வேகம் மனித நடையைத் தாண்டுவதில்லை. சஸ்பென்ஷனின் தேவை எழுவது வேகமும் மேடுபள்ளமும் சந்திக்கும் இடத்தில். அதனால்தான் சாலையைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு பாதி ஒப்பீடு.

6. கடலூர்–சிதம்பரம் என்ற அளவுகோல்

சோழவரத்துப் பந்தயங்கள் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்டது பந்தயத்துக்கென்றே போட்ட தளம். இரண்டும் மேடுபள்ளத்தின் கேள்வியைப் பெரிதும் விலக்கிவைத்த இடங்கள். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலை, முன்பு 45ஏ, இன்று 32, அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவருகிறது. நான்குவழியாக விரிந்தபோதும், அதிலிருந்து ஊர்களுக்குப் பிரியும் சாலைகள் பழைய சாலைகளே.

நெல்வயல்களுக்கு நடுவே மேடு கட்டிப் போட்ட சாலைகளில், களிமண் அடித்தளம் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். 2011 டிசம்பரின் தானே புயலும் 2015 டிசம்பரின் வெள்ளமும் இம்மாவட்டச் சாலைகளைச் சோதித்தன. இத்தகைய அடித்தளம் குழிகளை மட்டுமன்றி நீண்ட அலைகளையும் உண்டாக்கும். ஓர் அலையின் நீளம் 15 மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டரில், காரை அது நொடிக்கு 1.33 முறை தூக்கிப் போடும். சாதாரணக் காரின் உடல் தானாக ஆடும் எண்ணிக்கை நொடிக்கு 1 முதல் 1.5. ஸ்பிரிங்கை இறுக்கிய ஸ்போர்ட்ஸ் காரில் அது 1.5 முதல் 2 வரை போகலாம். இறுக்கிவிட்டதால் ஆட்டம் தீர்ந்துவிடாது, 90 கி.மீ. வேகத்தில் அதே அலை 1.67 முறை தாக்கி, இறுக்கிய காரையும் பிடித்துக்கொள்ளும். அங்கே காரைக் காப்பது ஷாக் அப்சார்பரும் மிச்சமிருக்கும் சக்கரப் பயணமும் மட்டுமே. அழகுக்காகக் குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்துவோர் அந்தப் பயணத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள். வளைவில் சக்கரம் ரப்பர் தடுப்பில் மோதும் கணத்தில் ஸ்பிரிங்கின் இறுக்கம் திடீரென எகிறும். டயர் பிடி நழுவும்.

இதே சாலை முழு ஆக்ஸிலின் குறையையும் காட்டும். டிஃப்ரன்ஷியலும் பெட்டியும் சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால், சிறு குழிகளில் டயர் தரையை விட்டு எழும் போக்கு அதில் அதிகம். எஞ்சின் வலிமை கூடக் கூட இது தீவிரமாகும். 2015 மாடலில் மஸ்டாங் முழு ஆக்ஸிலைக் கைவிட்டதற்கு நியாயம் உண்டு. 948 சிசி கஸெலுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

7. முடிவு

சஸ்பென்ஷன் ஒப்பீடுகள் வகைப்பெயரோடு நின்றுவிடாமல் மூன்று விவரங்களையும் தர வேண்டும். வெறும் கார், முழுப் பாரம் ஆகிய இரு நிலைகளிலும் கேம்பரின் மாற்றம்; ஓடும் சாலையின் அலைக்கும் உடலின் ஆட்டத்துக்கும் உள்ள உறவு; தேயும் உறுப்பை மாவட்டத் தலைநகரின் பட்டறையில் மாற்ற முடியுமா என்பது. ஒரகடத்தில் சோதனைத் தடங்களோடு இயங்கும் உலக வாகன ஆராய்ச்சி மையமும், 1945இலிருந்து பொறியியல் கற்பிக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் நம் கையெட்டும் தூரத்தில் உள்ளன. களிமண் நாட்டுச் சாலைகளின் அலையை அளந்து வெளியிடுவது அவற்றால் ஆகக்கூடிய வேலை. ஹெரால்டைப் பிரித்துப் பூட்டிய மூத்த மெக்கானிக்குகளின் அனுபவத்தைப் பதிவுசெய்வதும் ஆய்வுப் பணியே. அவர்களுடைய அதிருப்தி ஒரு பொறியியல் தரவு.

இம்மூன்று கணக்குகளையும் போட்டுப் பார்த்தால் 1972ஐப் பின்னடைவு என்று எழுத இடமில்லை. ஸ்விங் ஆக்ஸிலை விட்டு முழு ஆக்ஸிலுக்கு வந்தது, தன் பயணிகளின் எண்ணிக்கையையும் தன் சாலையையும் தன் பட்டறைகளையும் அறிந்து எடுத்த வடிவமைப்பு முடிவு. இந்திய வாகன வரலாறு அதை அந்த மதிப்போடு பதிய வேண்டும்.