சிவனொளிபாத மலை வழியும் அன்னதானமும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாது புதிதாக வந்தவனே விருந்தினன். உற்றாரை ஊட்டுதல் சுற்றந்தழாலேயன்றி விருந்தோம்பலாகாது. வடமொழி நூலாரும் இக்கருத்தினரே. ஓரிரவு தங்குபவனை அதிதி என்பார் மனு. வந்தவனுடைய கோத்திரத்தையும் கல்வியையும் வினவலாகாது என்று பராசர ஸ்மிருதி விதிக்கின்றது. யாரெனக் கேட்டு இடும் சோற்றிற்குப் புண்ணியம் குறைவு என்பதே இதன் கருத்தாதல் வேண்டும். இவ்விதி எவ்வளவிற்குப் பேணப்பட்டது என்பதை, நல்லதண்ணிக்கு மேலே உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலையின் யாத்திரை வரலாறு காட்டும்.

பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு (1055–1110), யாத்திரிகர் வழியிற் படும் துன்பத்தை நோக்கி, அவர்களுக்கு உணவளித்தற்கெனக் கிலிமலைக் கிராமத்தை வழங்கினான் எனச் சூளவம்சம் கூறும். ஊவாவிலிருந்து வரும் வழிக்கும் ஊர் விடப்பட்டது. ஒருநாட் சோற்றோடு அமையாது, சோறு விளையும் நிலத்தையே அறமாக்கிய மதிநுட்பம் பாராட்டற்குரியது. அம்பகமுவவிலுள்ள அவனது கல்வெட்டும் இவ்வறத்தைக் குறிக்கின்றது. ஆயின் அக்கல்வெட்டே, தாழ்ந்த குலத்தார் நின்று வணங்குதற்குத் திருவடித் தளத்தின் கீழே வேறொரு தளம் அமைக்கப்பட்டதையும் சொல்கின்றது. வழிநெடுகச் சோறு பெற்றவனுக்கு உச்சியிற் கிடைத்தது கீழிடமே! இது பௌத்த மன்னன் ஒருவனுக்கே உரிய குறையன்று. தமிழ்நாட்டுச் சத்திரங்கள் பலவற்றிலும் பந்தி பிரிந்தே நடந்தது.

1344ஆம் ஆண்டிற் புத்தளத்தில் நிகழ்ந்தது வேறு. கரையேறிய இபின் பத்தூத்தா என்னும் மொரோக்கோ நாட்டு முஸ்லிம், திருவடியைக் காண விரும்பினார். தமிழ் மன்னனாகிய ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும், வழி அறிந்த யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், பரிவாரத்தார் பதின்மரும், உணவு சுமக்கப் பதினைவரும் கொடுத்து அனுப்பினான். வந்தவர் வேற்று மதத்தார் என்பதை அவன் அறியாதவனல்லன்.

அதற்கு ஐந்நூறு ஆண்டுகளின் பின், காப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்கள் உழைப்பால் தோட்டங்கள் பெருகின. 1884இல் ரயில் அட்டனை அடைந்தது. நல்லதண்ணி வழியும் பெருவழியாயிற்று. மார்கழி தொடங்கி வைகாசி வரையுள்ள யாத்திரைக் காலத்தில் இன்று இங்கு தன்சல்கள் நடைபெறுகின்றன. தன்சல் என்பது தானசாலை என்பதன் சிங்கள வடிவம். நடத்துவோர் பெரும்பாலும் பௌத்தர். தோட்டத்துச் சைவரும் அவ்வரிசையில் நின்று உண்கின்றனர், பெயர் கேட்பாரில்லை.