சுஞ்ஞோவும் கோல்காவும்: அந்தீசு மலைநாட்டின் சேம உணவு குறித்த ஒரு மறுபார்வை

நெருக்கடிக் காலத்துக்கென உறையுலர்த்திய உணவைச் சேமித்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி எழுதுவோர், அதன் தொடக்கத்தை இன்காக்களிடம் கொண்டு சேர்ப்பது பெருவழக்காகிவிட்டது. அந்தீசு மலையின் உறைபனியில் உருளைக்கிழங்கை உலர்த்திக் களஞ்சியங்களில் குவித்து, பஞ்சம் வந்தபோது குடிகளுக்கு வழங்கிய அரசு என்பதே இக்கதையின் சுருக்கம். இதில் தொழில்நுட்பம் பற்றிய கூற்று ஒன்றும் அரசு பற்றிய கூற்று ஒன்றும் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது பாதியளவே உண்மை. இரண்டாவது, பதினேழாம் நூற்றாண்டு முதல் விவாதத்துக்குரியதாக இருந்துவருவது. சேமித்து வைக்கப்பட்ட உணவு யாருடைய இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காக இருந்தது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையம்.

உறைதலும் உலர்தலும்

சுஞ்ஞோ என்பது கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,800 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில், சூன், சூலை மாதங்களின் கடுங்குளிரில் செய்யப்படும் உருளைக்கிழங்கு வற்றல். கிழங்குகளைத் தரையில் பரப்பிச் சில இரவுகள் உறைபனியில் விடுவர். பகலில் வெயில் பட்டு இளகும் கிழங்கை வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்து, தோலையும் நீக்குவர். பிறகு வெயிலில் காய வைப்பர். இவ்வாறு கிடைப்பது கருஞ்சுஞ்ஞோ. உறைந்த கிழங்கை வெயில் படாமல் காத்து, ஓடும் நீரில் சில வாரங்கள் ஊற வைத்து உலர்த்தினால் வெண்ணிறமான துந்தா கிடைக்கும். இதற்கு மொராயா என்னும் பெயரும் உண்டு. கிழங்கின் எடை இம்முறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஈரம் படாமல் வைத்தால் பல ஆண்டுகள் கெடுவதில்லை.

இம்முறையின் பயன் சேமிப்போடு நிற்கவில்லை. மிக உயரமான நிலங்களில் பனியைத் தாங்கி விளையும் கிழங்கு வகைகள் கசப்பானவை. அவற்றிலுள்ள கிளைக்கோ ஆல்கலாய்டு என்னும் நச்சுப் பொருளால் அவற்றை அப்படியே சமைத்து உண்ண இயலாது. மிதித்துப் பிழிவதாலும் நீரில் ஊற வைப்பதாலும் அந்நச்சு பெருமளவு வெளியேறுகிறது. வேறு பயிர் விளையாத உயரத்தில் விளைந்த, அப்படியே உண்ணத்தகாத ஒன்றை உணவாக்கியதே சுஞ்ஞோவின் முதற்சிறப்பு. நெடுங்காலம் கெடாமை அதன் பின்னரே வருவது.

இன்று உறையுலர்த்தல் என வழங்கும் தொழில்நுட்பம் வேறுவகையானது. அதில் உறைந்த பொருளைச் சுற்றிக் காற்றழுத்தம் மிகவும் குறைக்கப்படுகிறது. பனிக்கட்டி நீராக உருகாமலே ஆவியாகிவிடுகிறது. இதனைப் பதங்கமாதல் என்பர். ஆகவே பொருளின் வடிவம் குலையாமல், நுண்துளைகளோடு எஞ்சுகிறது. வெந்நீர் ஊற்றியதும் பழைய நிலைக்கு மீள்கிறது. சுஞ்ஞோவிலோ பனிக்கட்டி உருகுகிறது. உறைதலால் கிழிந்த உயிரணுக்களிலிருந்து வழியும் நீரைக் கால்கள் பிழிந்தெடுக்கின்றன. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு என்பதும், வறண்ட குளிர்காற்றில் ஓரளவு பதங்கமாதல் நிகழும் என்பதும் உண்மையே. எனினும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வன காலும் வெயிலும்தான். சுஞ்ஞோ கல்போல் இறுகுவதும், சமைப்பதற்கு முன் நெடுநேரம் ஊற வேண்டுவதும் இதனாலேயே. 'உறைய வைத்துப் பிழிந்த வற்றல்' என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். மேலும், இம்முறை இன்காக்களுக்கு நெடுங்காலம் முந்தியது. அவர்கள் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. அரசின் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள்.

களஞ்சியம் யாருடையது

தவாந்தின்சூயு எனத் தம் பேரரசை அழைத்த இன்காக்கள், பெருவழிகளை ஒட்டிய மலைச்சரிவுகளில் கோல்கா எனப்படும் களஞ்சியங்களை வரிசை வரிசையாகக் கட்டினர். உவானுக்கோ பம்பாவில் 497 களஞ்சியங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. மந்தாரோ பள்ளத்தாக்கில் 2,700-க்கு மேற்பட்டவற்றின் தடங்கள் உள்ளன. இன்றைய பொலிவியாவின் கோச்சபாம்பாவை அடுத்த கோட்டாப்பாச்சியில் 2,400 இருந்தன. சரிவில் அமைத்ததால் காற்று வீசியது, நீர் வடிந்தது. உவானுக்கோ பம்பாவில் அகழாய்வு செய்த கிரேக் மோரிஸ், வட்டமானவை மக்காச்சோளத்துக்கும் நீள்சதுரமானவை கிழங்குகளுக்கும் பயன்பட்டன என்று காட்டினார். அங்குக் கிழங்குக்குரிய கொள்ளளவே மிகுதி. மக்காச்சோளத்தின் பங்கு மிகச் சிறிது. சுஞ்ஞோவோடு சார்க்கி எனப்படும் லாமா இறைச்சி வற்றலும், துணியும், படைக்கலன்களும் கோல்காக்களில் இருந்தன. வரவுசெலவு முழுவதும் கீப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் பதிவாயிற்று. களஞ்சிய வரிசையின் நடுவே அரசன் முன் அத்தகைய கயிற்றை விரித்துப் பிடித்து நிற்கும் கணக்கரைக் குவாமன் போமா தம் கையெழுத்து நூலில் வரைந்திருக்கிறார்.

1609-இல் வெளியான தம் நூலில் கார்சிலாசோ தே லா வேகா, இக்களஞ்சியங்களைக் குடிகளின் காப்பாகக் காட்டினார். தாய்வழியில் இன்கா அரசமரபைச் சேர்ந்த அவர், ஸ்பெயினில் வாழ்ந்துகொண்டு, அழிந்த அரசொன்றின் நற்பெயருக்காக எழுதியவர் என்பதை மறக்கலாகாது. அவர் வரைந்த சித்திரத்தின் நீட்சியாகவே 1928-இல் லூயி போதேன் இன்கா அரசைப் 'பொதுவுடைமைப் பேரரசு' என்று அழைத்தார். 1950-களில் ஜான் முர்ரா இப்படிமத்தைக் கேள்விக்குட்படுத்தினார். களஞ்சியச் சரக்கு முதன்மையாகப் படைக்கும், அரசுப் பணிக்கு வந்த உழைப்பாளருக்கும், கோயிலுக்கும், அரசின் கொடைகளுக்கும் சென்றது. பஞ்சத்தில் குடிகளைக் காத்தது பெரும்பாலும் அவரவர் உறவுக்குழுவின் சேமிப்பே என்பது அவர் முடிவு. கோட்டாப்பாச்சி இதற்குச் சான்று: உவாய்னா காபாக் 14,000 உழைப்பாளரைக் கோச்சபாம்பாவில் குடியமர்த்தி விளைவித்த மக்காச்சோளம் படைக்குரியதாக இருந்தது.

முர்ராவின் வாதம் அடிப்படையில் சரியென்றே தோன்றுகிறது. ஆயினும் ஒரு திருத்தம் வேண்டும். அரசுச் சடங்குகளில் மக்காச்சோளத்துக்கு இருந்த பெருமை கிழங்குக்கு இல்லை என்று காட்டியவரும் அவரே. அப்படியிருக்க, உவானுக்கோ பம்பாவில் கிழங்குக்கு இத்தனை இடம் ஏன்? பெருமை வேறு, பசி வேறு. பணிக்கு வந்த ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் உண்டது குடியானவரின் உணவைத்தான். குடியானவர் வீட்டில் பஞ்சத்துக்கு அரணாக இருந்த அதே பண்டம், கோல்காவில் உழைப்பைத் திரட்டும் கருவியாக மாறியது.

வெற்றிக்குப் பின்

1532-க்குப் பின் அரசு வீழ்ந்தது. களஞ்சியங்கள் உடனே வெறுமையாகவில்லை. கொன்சாலோ பிசாரோவின் கிளர்ச்சியை அடக்கச் சென்ற பெட்ரோ தே லா காஸ்காவின் படை, ஹௌஹா பள்ளத்தாக்கில் ஏழு வாரம் தங்கியது. அங்கிருந்த களஞ்சியங்களில் ஏறத்தாழ 15,000 பனேகா உணவு இருந்ததாகப் போலோ தே ஒந்தேகார்தோ நினைவுகூர்கிறார். ஒரு பனேகா ஏறத்தாழ 55 லிட்டர். பேரரசு கவிழ்ந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உள்ளூர்த் தலைவர்கள் களஞ்சியங்களை நிரப்பிக் கணக்கு வைத்துவந்தனர் என்பது இதனால் பெறப்படும். அப்பகுதியின் உவாங்கா தலைவர்கள், 1533 முதல் ஸ்பானியருக்குக் கொடுத்த பொருள்களின் பட்டியலைக் கீப்புகளிலிருந்து படித்து 1558-இலும் 1561-இலும் லிமா நீதிமன்றத்தில் இழப்பீடு கோரினர். அந்த வழக்காவணங்கள், அரசாங்கக் களஞ்சியம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நுணுக்கமான கணக்குகளுள் ஒன்று. சேமத்துக்கென வைத்த உணவு, கொள்ளைபோன உணவாகப் பதிவாகியிருக்கும் ஆவணம் அது.

சுஞ்ஞோவின் அடுத்த கட்டம் பொட்டோசி. 1545-இல் வெள்ளி கண்டறியப்பட்ட அம்மலை நகரம் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், பயிர் விளையாத இடத்தில் இருந்தது. கெடாததும், எடை குறைந்ததும், லாமாக்களின் முதுகில் ஏற்றத்தக்கதுமான சுஞ்ஞோ சுரங்கத் தொழிலாளரின் உணவாயிற்று. சுரங்கங்களுக்குச் சுஞ்ஞோவைக் கொண்டுபோய் விற்றே ஸ்பானியர் பலர் பெருஞ்செல்வராய் நாடு திரும்பினர் என்று பெட்ரோ சியெசா தே லியோன் 1553-இல் அச்சான நூலில் குறிப்பிடுகிறார். 1570-களில் துணையரசர் தொலேதோ கட்டாய உழைப்பு முறையை ஒழுங்குபடுத்தியபோது, இந்த வணிகத்துக்கு நிலையான சந்தை அமைந்தது.

இயந்திர உறையுலர்த்தல் இம்மரபிலிருந்து கிளைத்ததன்று. 1906-இல் பாரிசில் தார்சோன்வாலும் போர்தாசும், 1909-இல் அமெரிக்காவில் ஷாக்கெலும் செய்த ஆய்வக முயற்சிகளே அதன் தொடக்கம். இரண்டாம் உலகப்போரில் குருதி நீர்மத்தைப் போர்க்களம் சேர்க்கவே அது பேரளவில் பயன்பட்டது. உணவுக்கு அது பரவலானது பிற்பாடு. படைவீரர், விண்வெளி வீரர், மலையேறுவோர் ஆகியோரைக் கடந்து, 25 ஆண்டு கெடாது என்னும் முகப்புச் சீட்டோடு இல்லங்களின் அலமாரிகளை அடைந்தது. இங்கும் படையின் தேவை முன்னும் வீட்டின் தேவை பின்னுமாகவே வரிசை அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. சுஞ்ஞோவின் வரலாற்றில் வரிசை நேர்மாறானது. வீட்டிலிருந்தே அது களஞ்சியத்துக்குச் சென்றது.

கோல்காக்கள் இன்று அடித்தளக் கற்களாக எஞ்சியுள்ளன. பெருவின் பூனோ பகுதியிலும் பொலிவிய மேட்டுநிலத்திலும், ஆண்டுதோறும் சூன் மாத இரவுகளில் குடும்பங்கள் கிழங்கைப் பரப்பி, மறுநாள் மிதித்து, அடுத்துவரும் ஆண்டுகளுக்கென எடுத்து வைக்கின்றன.