ஓர் ஆர்டர் எங்கே நிற்கிறது?

பங்கு வாங்கச் சொல்லி ஆர்டர் அனுப்புவது எளிது. அனுப்பிய ஆர்டர் இந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதுதான் கடினம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு மும்பைச் சந்தைக்கு மென்பொருள் எழுதிய காலத்தில் என் உழைப்பில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வேலைக்கே போனது. டீலர்கள் போனில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "சார், ஃபில் ஆயிடுச்சா, பெண்டிங்கா?" அந்தக் கேள்விக்கு உலகத் தரகர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு விடைமுறை உருவாகப் பத்தாண்டு பிடித்தது. அந்தப் பத்தாண்டை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

விடை இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 1987 அக்டோபர் 19 காட்டிவிட்டது. அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு 508 புள்ளி விழுந்தது, 22.6 விழுக்காடு. நியூயார்க் சந்தையில் 60 கோடிப் பங்குகளுக்கு மேல் கைமாறின. ஆர்டர்களைச் சந்தைத் தளத்துக்கு மின்வழியில் கொண்டுபோகும் 'டாட்' அமைப்பு அப்போதே இருந்தது. ஆனால் அந்த ஆர்டர்களைத் தளத்தில் அச்சிட்டுத் தரும் பிரிண்டர்கள் திணறிவிட்டன. அனுப்பியவருக்குத் தன் ஆர்டர் நிறைவேறியதா, காகித வரிசையில் கிடக்கிறதா என்று தெரியவில்லை. விலை விழுந்த வேதனை ஒரு பக்கம் என்றால், தன் கையில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்றே தெரியாத தவிப்பு மறுபக்கம். எனக்கு அந்த நாளின் உண்மையான பாடமாகப் படுவது இந்த இரண்டாவதுதான்.

பெரிய நிதி நிறுவனங்களோ அப்போது தரகர்களிடம் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டிருந்தன. ஆர்டரைச் சொல்வார்கள், மறுமுனையில் ஒருவர் தாளில் குறித்துக்கொள்வார். எத்தனை பங்கு வாங்கியாயிற்று என்பதும் அதே போனில்தான் திரும்பி வரும். 1992இல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பாப் லாமூரூ, சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தின் கிறிஸ் மோர்ஸ்டாட் இருவரும் இந்தத் தொலைபேசிப் பேச்சை இரு கணினிகளின் பேச்சாக மாற்ற ஒரு மொழி எழுதினார்கள். அதுதான் ஃபிக்ஸ். இரண்டு நிறுவனங்களுக்குள் தொடங்கியது, சில ஆண்டுகளில் தரகு உலகத்தின் பொது மொழியானது.

ஃபிக்ஸ் செய்தியைக் கண்ணால் படிக்கலாம். டேக் எனப்படும் எண், சமக்குறி, மதிப்பு: இவ்வளவுதான் இலக்கணம். 54=1 என்றால் வாங்கு, 54=2 என்றால் விற்பனை செய். 38=10000 என்றால் பத்தாயிரம் பங்கு. நடுராத்திரியில் லாக் கோப்பைத் திறந்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த எளிமையின் அருமை தெரியும்.

ஃபிக்ஸில் நான் மிக மதிப்பது 35=8 என்ற செய்தியை. ஆர்டரை ஏற்றுக்கொண்டோம், கொஞ்சம் நிறைவேறியது, முழுதும் நிறைவேறியது, ரத்தானது, நிராகரித்தோம் — இவை அனைத்துக்கும் ஒரே வகைச் செய்தி, எக்ஸிக்யூஷன் ரிப்போர்ட். நடப்பு நிலை என்ன என்று வாடிக்கையாளர் தனியாகக் கேட்டாலும் அதே ரிப்போர்ட்தான் விடையாகப் போகும். அதில் டேக் 39தான் நிலையைச் சொல்லும்: 0 என்றால் புதிது, 1 பகுதி நிறைவு, 2 முழு நிறைவு, 4 ரத்து, 8 நிராகரிப்பு.

சிக்கலும் இங்கேதான் முளைத்தது. தொடக்கக் காலப் பதிப்புகளில், நடந்தது என்ன, இப்போது நிலை என்ன என்ற இரண்டையும் அந்த ஒரே டேக் சுமக்க வேண்டியிருந்தது. நீதிமன்றத்தில் 'இன்று சாட்சியை விசாரித்தார்கள்' என்பது நிகழ்வு, 'வழக்கு நிலுவையில் இருக்கிறது' என்பது நிலை. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதச் சொன்னால் குமாஸ்தா எதை எழுதுவார்? பத்தாயிரம் பங்கு ஆர்டரில் இரண்டாயிரம் வாங்கிய பிறகு வாடிக்கையாளர் விலையை மாற்றுகிறார் என்று வையுங்கள். 39இல் 'மாற்றப்பட்டது' என்று 5 போடுவதா, 'பகுதி நிறைவு' என்று 1 போடுவதா?

1998இல் வந்த 4.1 பதிப்பு நிகழ்வுக்கென்று டேக் 150ஐக் கொண்டுவந்தது. மீதி எத்தனை பங்கு என்று சொல்லும் 151உம் அப்போதுதான் வந்தது. ஆனாலும் பிரிவினை முழுமையடையவில்லை. 150இல் கிட்டத்தட்ட 39இன் மதிப்புகளே திரும்ப வந்தன. நிலை கேட்டவருக்குப் பதில் சொல்லும்போது டேக் 20இல் 3 என்று போட்டு, 'புதிதாக எதுவும் நடக்கவில்லை, இது வெறும் தகவல்' என்று தனியே உணர்த்த வேண்டும். அதைக் கவனிக்காத மென்பொருள் அந்தத் தகவலையே புதிய வியாபாரமாகக் கணக்கில் சேர்த்துவிடும். 2001இல் வந்த 4.3தான் துணிந்து துப்புரவு செய்தது. டேக் 20 போயிற்று. நிலைத் தகவலும் 150க்குள்ளேயே 'ஐ' என்ற எழுத்தாக வந்து சேர்ந்தது. பகுதியோ முழுதோ, வியாபாரம் நடந்தால் 'எஃப்' என்ற ஒரே எழுத்து. 39இலிருந்து 5 நீங்கியது.

4.3 பதிப்பின் ஆவணப் பின்னிணைப்பில் வரும் ஒரு சூழலைச் சற்றுச் சுருக்கி இன்றும் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் காட்டுவேன். பத்தாயிரம் பங்கு ஆர்டரில் இரண்டாயிரம் முடிந்திருக்கிறது. வாடிக்கையாளர் ரத்து கேட்கிறார். தரகர் 39=6 என்று, அதாவது ரத்து நிலுவையில் என்று, பதில் அனுப்புகிறார். ரத்து போய்ச் சேருவதற்குள் சந்தையில் மீதி எட்டாயிரமும் வாங்கியாகிவிட்டது. இப்போது நிலை என்ன? முழு நிறைவு என்றுதான் எவரும் சொல்வார்கள். ஃபிக்ஸ் அப்படிச் சொல்வதில்லை. நிகழ்வு வியாபாரம், மீதி பூஜ்யம், நிலை மட்டும் இன்னும் 'ரத்து நிலுவையில்'. ஏனென்றால் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை. 'காலம் கடந்துவிட்டது' என்று போகும் ரத்து மறுப்பில்தான் 39=2 வரும். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் கணக்கை மூடக்கூடாது என்ற இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்தியாவுக்கு வருவோம். தேசியப் பங்குச் சந்தை 1994 நவம்பரில் பங்கு வியாபாரத்தைத் திரையில் தொடங்கியபோது தனக்கென்று ஒரு செய்திமுறையை வைத்துக்கொண்டது. தரகர்கள் சொந்த மென்பொருளை இணைத்ததும் அந்த முறையில்தான். 2008 ஏப்ரலில் நிறுவன வாடிக்கையாளர்கள் தரகர் வழியே நேரடியாகச் சந்தைக்கு ஆர்டர் அனுப்ப, சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அனுமதித்தது. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் ஃபிக்ஸ் பேசிக்கொண்டு வந்தன, சந்தை தன் மொழியில் பேசிற்று. நடுவே மொழிபெயர்க்கும் கேட்வே எழுதுவது எங்கள் தலையில் விழுந்தது.

ஃபிக்ஸில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வாடிக்கையாளர் டேக் 11இல் புதுப்பெயர் சூட்டுவார், 41இல் பழைய பெயரைச் சொல்வார். சந்தையிலோ எத்தனை முறை திருத்தினாலும் ஒரே ஆர்டர் எண். திருத்தத்தைச் சந்தை மறுத்தால் பழைய பெயருக்கே திரும்ப வேண்டும். ஆக, கடைசியாக ஏற்கப்பட்ட பெயர் எது என்பதை கேட்வே நினைவில் வைத்தே ஆகவேண்டும். சந்தை ஒவ்வொரு வியாபாரத்தின் விலையையும் மீதியையும் தரும், சராசரி விலையை நாங்கள் கணக்கிட்டு டேக் 6இல் போட வேண்டும். நடுப்பகலில் கேட்வே விழுந்து எழுந்தால் சந்தையிடமிருந்து அன்றைய செய்திகளை எல்லாம் மறுபடி இறக்கி, ஒவ்வொரு ஆர்டரின் நிலையையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அப்போது வாடிக்கையாளருக்கு ஒரே வியாபாரம் இரண்டாகப் போய்விடக்கூடாது. அதற்காகவே டேக் 17இல் போடும் அடையாளத்தை நாங்களாக உருவாக்காமல், சந்தை தரும் வியாபார எண்ணிலிருந்தே எடுத்தோம். எத்தனை முறை கட்டினாலும் அதே அடையாளம்தான் வரும்.

மிக நீண்ட விவாதம் 'ஃப்ரீஸ்' பற்றியது. வரம்புக்கு மீறிய அளவிலோ விலையிலோ ஆர்டர் வந்தால் சந்தை அதை உடனே மறுக்காமல் நிறுத்திவைத்து, ஆராய்ந்து முடிவு சொல்வது அப்போதைய வழக்கம். ஃபிக்ஸில் இதற்கென்று நிலை கிடையாது. 39=0 போட்டால் ஆர்டர் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று பொய் சொன்னதாகும். 39=8 போட்டுவிட்டுப் பிறகு ஆர்டர் உயிர்பெற்றால் அது அதைவிட மோசம். கிட்டத்தட்டப் பொருந்துவது 9, அதாவது நிறுத்திவைப்பு, ஆனால் பல வாடிக்கையாளர்களின் மென்பொருள் அதை எதிர்பார்த்து எழுதப்படவில்லை. என் கட்சி 'ஏ', அதாவது புது ஆர்டர் நிலுவையில் என்பது. டேக் 58இல் காரணத்தை எழுத்தில் சேர்த்துவிடலாம். சிலர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் 9தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி அமைப்பு வைத்தோம். பலர் அப்போதும் 4.3க்கு முந்திய 4.2 பதிப்பையே பேசியதால், நிலை கேட்டவர்களில் ஒரு சாராருக்கு 20=3 என்றும், 4.3க்குப் பின் வந்த 4.4 பேசியவர்களுக்கு 150இல் 'ஐ' என்றும் ஒரே கேட்வே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.