மாறாத பாதி

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைத் தொடர்ந்து படிப்பவருக்குச் சீக்கிரமே சலிப்புத் தட்டும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும், அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும், கொடை வரும், சந்திர சூரியர் உள்ளவரை நடக்கவேண்டும் என்ற வாசகம் வரும், ‘பன்மாகேசுவர ரட்சை’ (சிவனடியார் அனைவரின் காப்பு) என்று முடியும். ஆளும் ஊரும் பொன்னும் மாறும், சட்டகம் மாறாது. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட தொகுதியைப் புரட்டினால் போதும். இதைக் கற்பனைப் பஞ்சம் என்று தள்ளுவோர் உண்டு. எனக்கோ இதுவே சாசனம் எழுதும் தொழிலின் திறமையாகப் படுகிறது. இன்று இணையதளம் அமைப்பவர்களும் அப்படித்தான், லாகின் பட்டனை ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, தளத்துக்குத் தளம் சில விவரங்களை மட்டும் மாற்றிப் பொருத்துகிறார்கள். எது மாறலாம், எது மாறவே கூடாது என்று முன்கூட்டிப் பிரிப்பதுதான் அதில் கடினமான பங்கு. கல்லில் வெட்ட ஓலை எழுதிக் கொடுத்தவர்கள் அதைப் பிரித்து ஆயிரம் ஆண்டாகிறது.

மாறாத பகுதியை அரசே வகுத்துக் கொடுக்கும் வழக்கம் முதலாம் இராசராசன் காலத்து மெய்க்கீர்த்தியோடு, அதாவது அரசனின் வெற்றிகளைப் புகழும் முகப்புரையோடு, நிலைபெற்றது. அண்ணாமலையில் இதற்கு நல்ல சான்று கிருஷ்ணதேவராயருடையது. 1516, 1517 ஆண்டுகளில் அவர் பல கோயில்களில் வெட்டுவித்த சாசனங்கள் உதயகிரி வெற்றியில் தொடங்கும் கலிங்கப் போர்ப் பட்டியலைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பட்டியல் முடிந்த இடத்தில்தான் ஊர் நுழைகிறது: திருக்காளத்தியில் நூற்றுக்கால் மண்டபமும் கோபுரமும், சிதம்பரத்தில் வடக்குக் கோபுரம், இங்கே ஆயிரங்கால் மண்டபமும் பதினொரு நிலை இராசகோபுரமும். அப்படியானால் இது வெறும் நகல்தானே, நகலுக்கு வரலாற்று மதிப்பு ஏது என்று கேட்கலாம். மதிப்பு அங்கேதான் இருக்கிறது. மாறாதது மனப்பாடமாகிவிட்டால், மாறியது ஒரு சொல்லானாலும் கண்ணில் குத்தும். இராசராசனின் மெய்க்கீர்த்தி வெற்றிக்கு வெற்றி நீண்டுகொண்டே போனது. ஆட்சியாண்டு சிதைந்த கல்லுக்கும் அந்த நீளத்தை வைத்தே காலம் கணிக்கிறார்கள்.

கையெழுத்து தனி மனிதருடையதாயிற்றே, அதற்கு அச்சு வார்ப்பு எப்படிப் பொருந்தும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. சோழர் காலச் சாசனங்களின் முடிவைப் பாருங்கள். ‘இவை இன்னார் எழுத்து’ என்ற வாசகம் எல்லோருக்கும் பொது, பெயர் மட்டும் அவரவருடையது. எழுதத் தெரியாதவர் குறி இடுவார். அது தற்குறி. அந்தக் குறி இவருடையதுதான் என்று எழுத்தறிந்த ஒருவர் தம் பெயரை எழுதி உறுதி சொல்வார். ஊர்ச் சபைக்குக் குறி இட்டவரின் எழுத்து தெரிய வேண்டியதில்லை. சான்று சொன்னவரைத் தெரிந்தால் போதும். 2005-இல் ஓப்பன்ஐடி கொண்டுவந்த ஏற்பாடு, பின்னர் ‘கூகுள் வழியாக நுழைக’ என்று எங்கும் பரவிய பட்டன், எல்லாம் இதே தர்க்கம்தான்: தளம் உங்களை அறியாது, உங்களை அறிந்த ஒருவர் சொல்லை நம்புகிறது. அந்தப் பட்டனில் தன் சின்னத்தின் நிறத்தைக்கூடக் கூகுள் மாற்ற விடுவதில்லை. பன்மாகேசுவர ரட்சையை யாரும் திருத்தி எழுதாதது போல.

ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது, அதை மறைக்கத் தேவையில்லை. தற்குறிக்குச் சான்று சொன்னவரை ஊர் கூப்பிட்டுக் கேட்க முடியும். இன்று அந்த இடத்தில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள். அவற்றைக் கூப்பிட்டுக் கேட்க எந்த ஊருக்கும் வழியில்லை. இது பட்டனின் குற்றமல்ல, சான்று சொல்லும் உரிமை குவிந்துவிட்டதன் குற்றம். சான்றோடு செல்லுபடியான குறிக்குப் பெயராக இருந்த தற்குறி என்ற சொல்லோ, எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குறித்து, இன்று வெறும் வசையாக நிற்கிறது.