மஞ்சட் காய்ச்சலும் நாட் கணக்கும்

அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரை மக்களையும் நெடுங்காலம் நடுங்கச் செய்த நோய்களுள் மஞ்சட் காய்ச்சல் தலையாயது. ஆபிரிக்காவிற் பிறந்து, அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களோடு அமெரிக்கக் கண்டத்தை அடைந்த இந்நோய், 1793ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. அஃது அந்நகர மக்களுட் பத்திலொரு பங்காகும். 1802இல் எயிற்றித் தீவில் எழுந்த அடிமைகளை அடக்குமாறு நெப்போலியன் அனுப்பிய சேனையின் பெரும்பகுதியும் அதன் தலைவரும் இதற்கே இரையாயினர். கடுங் காய்ச்சல், உடல் மஞ்சளித்தல், ஈற்றிற் கருநிற வாந்தி என்பன இதன் குறிகள்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவரை எவ்வாறு அடைகின்றது? அழுகிய பொருள்களின் துர்நாற்றமே காரணம் என்றனர் சிலர். நோயாளியின் ஆடையும் படுக்கையும் என்றனர் வேறு சிலர். கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே என்பார், ஒரு குறித்த இன நுளம்பே இதனைக் காவுகின்றது என 1881ஆம் ஆண்டில் அவானா நகரத்து விஞ்ஞானக் கழகத்தில் எடுத்துரைத்தார். மலேரியாவை நுளம்போடு இணைத்த றொனால்ட் றொஸ்ஸின் ஆராய்ச்சிக்கு இது 16 ஆண்டுகள் முற்பட்டது. ஆயினும் கேட்டோர் நகைத்தனர். நகைத்ததற்குக் காரணமும் இல்லாமலில்லை. பின்லே ஏறத்தாழ நூறு பேரை நுளம்பு கடிக்கச் செய்தும், ஐயத்துக்கிடமின்றி நோயுற்றார் எனக் காட்டத்தக்க ஒருவரையேனும் அவராற் சுட்ட முடியவில்லை. நோயாளியைக் கடித்த நுளம்பை ஒரு சில நாட்களுள்ளேயே பிறரைக் கடிக்க விட்டமையே அவர் தவறு. கடுநோய் விளைத்தல் அவர் நோக்கமன்று. இலேசான நோயை உண்டாக்கிக் காப்பளிக்கவே அவர் விரும்பினார். அவரது கருணையே அவரது நிரூபணத்துக்குத் தடையாயிற்று எனல் பொருந்தும்.

இம்முடிச்சை அவிழ்த்தவர் நுளம்பைப் பற்றி ஆராயாத ஒருவர். ஹென்றி றோஸ் காட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர், 1898இல் மிசிசிப்பி மாகாணக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, யார் எந்நாளில் நோயுற்றார் எனக் குறித்தார். முதல் நோயாளி வீழ்ந்து இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே அவ்வீட்டில் அடுத்தவர் வீழ்ந்தனர். அவ்விடைக் காலத்தில் நோய் எங்கே ஒளித்திருந்தது?

1900ஆம் ஆண்டில் வால்ற்றர் றீட் தலைமையில் அமெரிக்க இராணுவ ஆணைக்குழு அவானாவுக்கு வந்தது. பின்லே தாம் பேணிய நுளம்பு முட்டைகளை மனமுவந்து அவர்களுக்கு அளித்தார். ஆகஸ்ட் 27ஆந் திகதி குழுவினருள் ஒருவரான ஜேம்ஸ் கரல், பன்னிரண்டு நாட்களுக்கு முன் நோயாளியைக் கடித்த நுளம்பொன்றுக்குத் தம் கையை நீட்டினார்; சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். மற்றொருவரான ஜெசி லசீர் மீளவில்லை. செப்டெம்பர் 25ஆந் திகதி அவர் இறந்தபோது வயது 34.

பின்னர் லசீர் பெயரால் அமைந்த பாசறையில் இரு குடில்கள் கட்டப்பட்டன. ஒன்றில், நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த படுக்கைகளில் மூவர் 20 இரவுகள் துயின்றனர், எவரும் நோயுறவில்லை. துப்புரவான மற்றைய குடிலிலோ நுளம்பு கடித்தவர் நோயுற்றார். கம்பிவலைக்கு அப்பால் இருந்தோர் தப்பினர். பரிசோதனைக்கு உட்பட்ட ஸ்பானியக் குடியேறிகளுக்கு 100 டொலர் பொன்னும், நோயுற்றால் மேலும் 100 டொலரும் தருவதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது. வறியோர்க்கு அஃது சிறு தொகையன்று. ஆதலின் அவர் இணக்கம் முழுமையான சுதந்திர இணக்கமோ என வினவுதல் தகும். எனினும், அபாயத்தை எழுத்தில் உணர்த்திக் கையொப்பம் பெற்றமை அக்காலத்துக்குப் புதுமையே.

1901இல் நோயாளியின் குருதிநீரைப் பற்றீரியாக்கள் புகவியலா வடியினூடாகச் செலுத்தினர். வடிந்த நீரும் நோய் தந்தது. மனிதரைப் பீடிக்கும் நோயொன்றுக்கு வைரசு காரணமெனக் காட்டப்பட்டது அதுவே முதன்முறை.

காட்டரின் கணக்கும் தெளிவாயிற்று. நோயின் முதல் மூன்று நான்கு நாட்களிலேயே குருதியில் வைரசு மிகுந்திருக்கும். அதனை உறிஞ்சிய நுளம்பின் குடற் கலங்களிற் புகுந்து பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைய அதற்குப் பன்னிரண்டு நாள் வரை வேண்டும். அதுகாறும் அந்நுளம்பின் கடி தீங்கற்றது. பின்னர் உமிழ்நீரோடு மனிதத் தோலினுட் சென்ற வைரசு, நிணநீர்க் கணுக்களிற் பெருகி ஈரலைத் தாக்கும். ஈரல் கெடவே உடல் மஞ்சளிக்கும், குருதி கசியும். கடியுண்டு மூன்று முதல் ஆறு நாட்களிற் காய்ச்சல் தோன்றும். இரண்டையும் கூட்டின் காட்டர் கண்ட இடைக்காலம் வரும்.

வில்லியம் கோகஸ் அவானாவில் வீடுதோறும் தேங்கிய நீரை அகற்றுவித்தார். 1901 செப்டெம்பருக்குள் நோய் அந்நகரை விட்டகன்றது. பனாமாக் கால்வாய் வெட்டப்பட்டபோதும் இம்முறையே உதவிற்று. மக்ஸ் தைலர் 1937இல் ஆக்கிய தடுப்பூசி இன்றும் வழங்குகின்றது. அதற்காக 1951இல் நோபெல் பரிசும் பெற்றார். பின்லேயின் பெயர் அப்பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் கிட்டவில்லை. ஆயின் நோய் அற்றொழியவில்லை. ஆபிரிக்க, தென்னமெரிக்கக் காடுகளிற் குரங்குகளிடையே அது உலவுகின்றது.

ஆசியாவில் இந்நோய் வேரூன்றியதில்லை. அதனைக் காவும் ஈடிசு நுளம்போ நம் நாட்டில் மிகுதி. 2017ஆம் ஆண்டில் 1,80,000க்கு மேற்பட்டோரை டெங்குக் காய்ச்சலால் வருத்தியதும் அதுவே. ஆதலால், மஞ்சட் காய்ச்சல் நிலவும் நாடுகளிலிருந்து வருவோரிடம் இலங்கை தடுப்பூசிச் சான்றிதழ் கோருகின்றது. ஊசியிட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அச்சான்றிதழ் செல்லுபடியாகும்.