காட்சி மாதிரியும் வரலாற்று நோக்கும்: 1942 ஏப்பிரல் 9 பற்றிய சில சிந்தனைகள்

வரலாறு நூல்களில் மட்டும் எழுதப்படுவதன்று. சிலைகளிலும் நினைவுத் தூண்களிலும் நூதனசாலைகளின் கண்ணாடிப் பேழைகளிலும் அது எழுதப்படுகின்றது. இவ்வகையான எழுத்துக்களுள் 'டயோராமா' எனப்படும் காட்சி மாதிரியும் ஒன்றாகும். 1822ஆம் ஆண்டிலே டகேர், பூத்தோன் என்னும் இருவர் பாரிஸ் நகரில் இப்பெயர் கொண்ட அரங்கொன்றைத் திறந்தனர். ஒளி ஊடுருவும் பெருந்திரைகளில் வரையப்பெற்ற காட்சிகளை, வெளிச்சத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதே அன்று டயோராமா எனப்பட்டது. நிலமும் மரமும் மனிதரும் சிற்றுருவில் அமைந்த முப்பரிமாணக் காட்சியை அச்சொல் குறிக்கலாயிற்றுப் பின்னரேயாம். எமது பீடத்துப் பொதுக் கண்காட்சி ஒன்றிற்காக, இரண்டாவது உலக மகாயுத்தக் கால விமானத் தாக்குதலொன்றை இவ்வாறு அமைக்க முற்பட்டவேளை எம்மிடையே எழுந்த வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் தெரிந்துகொண்ட நாள் 1942 ஏப்பிரல் 9 ஆகும். அதற்கு நான்கு நாட்களின் முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, அட்மிரல் நகுமோவின் தலைமையில் வந்த யப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே தென்மேற்குக் கடலில் கோண்வோல், டோர்செற்ஷயர் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அமிழ்ந்தன. 424 பேர் மாண்டனர். ஒன்பதாந் திகதி காலை திருகோணமலையின் முறை வந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு குண்டுவீச்சு விமானங்கள், 'சீரோ' சண்டை விமானங்கள் புடைசூழ, துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அவற்றை எதிர்க்கச் சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன. எண்ணெய்க் குதமொன்று தீப்பற்றி எரிந்தது. முதல்நாள் இரவே, துறைமுகத்தில் நிற்பது ஆபத்து எனக் கருதி வெளியேற்றப்பட்ட ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக் கரைக்கு அண்மையில் எதிரியின் கண்ணிற்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் உயிரிழந்தோர் 307 பேர். பாதுகாப்பைத் தேடிச் சென்ற கப்பல் அழிவைச் சென்றடைந்தமை அந்நாளின் அவலமாகும்.

இவ்வளவையும் ஒரு மேசையில் அமைத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆயின் அளவுத்திட்டம் எம்மைத் தடுத்தது. மாதிரி விமானங்கள் பெரும்பாலும் 1:72 என்னும் அளவில் அமைவன. அவ்வளவில் ஹரிக்கேன் விமானத்தின் இறக்கை 17 சதம மீற்றர் மட்டுமே. ஆனால் ஹேர்மிஸ் கப்பலோ இரண்டரை மீற்றரையும் தாண்டிவிடும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அதேயளவிற் காட்ட ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமான மேசை வேண்டும். மூவாயிரம் மீற்றர் உயரத்திற் பறக்கும் விமானத்தைச் சரியான உயரத்தில் தொங்கவிட 42 மீற்றர் உயரமான கூரை வேண்டும். நாம் அதனை நைலோன் நூலில் முழங்கை உயரத்திலேயே தொங்கவிட்டோம். இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. விமானப்போர் பற்றிய எந்தக் காட்சி மாதிரியும் தூரத்தையும் உயரத்தையும் பொய்யாக்கியே தீரும். எதனைச் சுருக்குவது, எதனை விடுவது என்னும் தெரிவிலேதான் மாதிரி செய்பவன் வரலாற்றாசிரியனாகின்றான்.

ஆதலின் காட்சியை இரண்டாகப் பிரித்தோம். முதலாவது, 1:72 அளவிற் சீனன்குடாத் தளத்தின் ஓரம். இரண்டாவது, 1:700 அளவில் ஹேர்மிஸ். இவ்வளவிற் கப்பல் 26 சதம மீற்றராயிற்று. அதனைத் தாக்கிய விமானங்கள் இரண்டு சதம மீற்றராயின. கப்பலின் தளம் வெறுமையாய்த் தோன்றியமையால், நண்பரொருவர் சிறு விமானங்கள் நான்கினைச் செய்து அதன்மேல் ஒட்டிவிட்டார். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. பின்னர் நூல்களைப் புரட்டிய வேளையிலேதான், அன்று ஹேர்மிஸில் விமானம் எதுவும் இருக்கவில்லை, அதன் விமான அணி கரையிலேயே விடப்பட்டிருந்தது என அறிந்தோம். உதவிக்கு விரைந்த சண்டை விமானங்களும் கப்பல் அமிழ்ந்த பின்னரே வந்து சேர்ந்தன. ஒட்டிய நான்கினையும் பெயர்த்தெடுத்தோம். அந்த வெறுந்தளமே அந்நாளின் உண்மையான சான்று என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

கண்காட்சிக்கு முதல்நாள் எனது தாயார் மண்டபத்திற்கு வந்திருந்தார். 1990களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் அவர். ரெஜிபோமில் வெட்டிய குன்றுகளையும், மரத்தூளிற் செய்த புற்றரையையும், பஞ்சினாலான கரும்புகையையும், நூலில் ஆடிய விமானங்களையும் சிறிதுநேரம் நோக்கினார். அவற்றின் அழகினை அவர் வியக்கவில்லை. "சனம் எங்கை? பங்கரைக் காணேல்லையே" என்று மட்டும் கேட்டார்.

அவ்வினாவிற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. மூன்று வாரங்களாக நாம் அத்தாக்குதலை விமானியின் கண்ணாலேயே நோக்கியிருந்தோம். விமானங்களின் நிறம், குறியீடு, இறக்கையின் வளைவு ஆகிய யாவும் பிழையின்றி அமைந்திருந்தன; கீழே ஒரு மனிதர்தாமும் இல்லை. 1942இல் இலங்கையிற் சிவில் பாதுகாப்பிற்கெனத் தனித் திணைக்களம் இயங்கியது. ஒலிவர் குணதிலக்க அதன் ஆணையாளராயிருந்தார். குண்டுவீச்சின் பின்னர் கொழும்பிலிருந்து பெருந்தொகையான மக்கள் தத்தம் ஊர்களை நோக்கி வெளியேறினர். இவற்றையெல்லாம் நாம் படித்திருந்தோம். எனினும் எமது மேசையில் அம்மக்களுக்கு இடமளிக்கவில்லை.

அன்றிரவே இரு மாற்றங்களைச் செய்தோம். புற்றரையைக் கீறிப் பதுங்குகுழி ஒன்றை வெட்டி, அதனுள் குனிந்திருக்கும் ஐந்து உருவங்களைக் களிமண்ணிற் செய்து வைத்தோம். அவை இரண்டரைச் சதம மீற்றர் உயரங்கூட இல்லாதவை. அடுத்து, மேசையின் கால்களுக்குக் கீழே கற்களை அடுக்கி, காட்சியின் தரைமட்டம் பார்ப்போரின் கண்மட்டத்திற்கு வருமாறு உயர்த்தினோம். மறுநாள் வந்தோர் விமானங்களைக் கீழ்நோக்கிப் பார்க்க முடியவில்லை. தலையை நிமிர்த்தியே பார்க்க வேண்டியதாயிற்று. தூரமும் உயரமும் அளவுக்கமைய இல்லை என்பதைச் சிறு பலகையொன்றில் எழுதி வைத்தோம்.

காட்சி மாதிரியின் செம்மை அதன் விமானங்களின் நுட்பத்தால் மட்டும் அளக்கப்படுவதன்று. பார்ப்பவரை எங்கே நிறுத்துகின்றது என்பதாலும் அது அளக்கப்படல் வேண்டும். மேலிருந்து நோக்குபவனுக்கு யுத்தம் ஒரு காட்சி. கீழிருந்து நோக்குபவருக்கோ அது வாழ்வும் சாவும். வரலாறு பயிலும் மாணவர் எழுத்திலேனும் களிமண்ணிலேனும் கடந்த காலத்தை அமைக்கப் புகுமுன், பதுங்குகுழி எங்கே என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று.